குழாய்க்குள் இறங்கும் அருவி: இட்டைப்பு பயணக் குறிப்புகள்

முதல் நாள்

அப்பா 34 வருஷம் நீர்மின் நிலையத்தில் வேலை பார்த்தவர். ஊர் சுற்றும் ஆசை அவருக்கு எப்போதும் இருந்ததில்லை. ஒரே ஒரு இடத்தைத் தவிர. "போறதுன்னா இட்டைப்புக்குப் போகணும்மா" என்று எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். பிரேசிலும் பராகுவேயும் தங்கள் எல்லையில் பரானா ஆற்றின் குறுக்கே சேர்ந்து கட்டிய நீர்மின் அணை அது. இன்று மதியம் பிரேசிலின் ஃபோஸ் டோ இகுவாசு நகரில் வந்து இறங்கிவிட்டோம்.

விமானத்தில் ஒரு கேள்வி கேட்டேன். உலகத்தின் பெரிய நீர்மின் அணை என்றால் சீனாவின் மூன்று பள்ளத்தாக்கு அணைதானே? அதன் நிறுவு திறன் 22,500 மெகாவாட். அதே யாங்சி ஆற்றின் மேல்பகுதியில் 2022-ல் முழுசாக ஓட ஆரம்பித்த பைஹெதான் 16,000 மெகாவாட். 14,000 மெகாவாட் கொண்ட இட்டைப்பு மூன்றாவது இடத்துக்குப் போய்விட்டதே, பிறகு ஏன் இது?

அப்பா சொன்னது எனக்குப் புதிது. "மெஷின் எவ்வளவு பெருசுன்னு பார்க்காதே, வருஷத்துல எத்தனை யூனிட் கொடுத்துச்சுன்னு பாரு." 2016-ல் இட்டைப்பு கொடுத்தது 10,300 கோடி யூனிட்டுக்கும் மேல். உலகத்தில் எந்த அணையும் அதுவரை ஒரே வருஷத்தில் அவ்வளவு கொடுத்ததில்லை. மூன்று பள்ளத்தாக்கு அதைத் தாண்டியது 2020-ல்தான், கிட்டத்தட்ட 11,200 கோடி யூனிட். முக்கால் பங்குக்கும் குறைவான மெஷின்களை வைத்துக்கொண்டு இட்டைப்பு இத்தனை வருஷம் ஈடுகொடுத்ததற்குக் காரணம் பரானா ஆறு. யாங்சி மழைக்காலத்தில் பெருகிக் குளிர்காலத்தில் இளைத்துவிடும். பரானாவில் வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓரளவு சீராக வரும். மெஷின் சும்மா நிற்கும் நாள் குறைவு.

அணையை நாளைக்குப் பார்க்கலாம் என்று முதலில் இகுவாசு அருவிக்குப் போனோம். அது என் யோசனை. அளந்து பார்க்க ஒரு அளவுகோல் வேண்டும் என்று தோன்றியது. 275 அருவிகள் வரிசையாக விழுகின்றன. 'சாத்தானின் தொண்டை' என்ற வளைவு 80 மீட்டர் ஆழம். நடைபாலத்தின் முனையில் நின்றால் அருவி கண்ணுக்குத் தெரிவதில்லை, வெள்ளையாக ஒரு சுவர்தான் தெரிகிறது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து அலுத்துப்போய்ச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். சராசரியாக நொடிக்கு 1,500 கன மீட்டர் தண்ணீர்.

அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் என் காதருகே வந்து கத்திச் சொன்னார்: "இட்டைப்புல ரெண்டு மெஷினுக்குத்தான்மா இது காணும்!"

அங்கே மொத்தம் இருபது மெஷின்.

இரண்டாம் நாள்

மேல்தட்டு திறந்த பேருந்தில் அணையைச் சுற்றிக் காட்டுகிறார்கள். காலை பத்து மணிக்கு ஏறினோம்.

தூரத்திலிருந்து பார்த்தபோது பெரிதாகத் தோன்றவில்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கிட்டத்தட்ட 8 கிலோமீட்டர் நீளத்துக்கு நீண்டு கிடக்கும் ஒன்றைக் கண் முழுதாக வாங்கிக்கொள்வதில்லை, அடிவானத்தில் ஒரு கோடு என்று எடுத்துக்கொள்கிறது. பேருந்து அணையின் காலடிக்கு இறங்கிய பிறகுதான் நிமிர்ந்து பார்க்க வேண்டியிருந்தது. 196 மீட்டர் உயரம். அதன் முன்பக்கச் சரிவில் வெள்ளை வண்ணம் பூசிய குழாய்கள் வரிசையாக இறங்குகின்றன. அவைதான் பென்ஸ்டாக். ஏரித் தண்ணீரை டர்பைனுக்கு, அதாவது தண்ணீர் சுழற்றும் சக்கரத்துக்கு, கொண்டுபோகும் குழாய்கள். ஒவ்வொன்றின் விட்டமும் பத்தரை மீட்டர். நாங்கள் உட்கார்ந்திருந்த இரண்டு தட்டுப் பேருந்து அப்படியே உள்ளே போகலாம், மேலே இன்னொன்றையும் வைக்கலாம். ஒரு குழாயில் நொடிக்கு ஏறத்தாழ 700 கன மீட்டர் தண்ணீர் இறங்குகிறது. நேற்றைய அருவியில் கிட்டத்தட்டப் பாதி. வெளியே ஒரு சொட்டு தெரியவில்லை. குழாயின் மேல் பறவை ஒன்று உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டிருந்தது.

உபரிநீர் வழி இன்று மூடியிருந்தது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். அப்பாவுக்குச் சந்தோஷம். "ஷட்டர் திறந்திருந்தா பார்க்க அழகுதான். ஆனா அது அத்தனையும் வீணாப் போற கரண்ட்." 14 மதகுகள். எல்லாவற்றையும் திறந்தால் நொடிக்கு 62,200 கன மீட்டர் போகும். அதாவது நாற்பது இகுவாசு அருவி. அப்படியொரு வெள்ளம் என்றாவது வந்தால் அணைக்கு ஆபத்தில்லாமல் கடத்திவிடத்தான் அந்த ஏற்பாடு. வறண்டு கிடந்த கான்கிரீட் சறுக்குப் பாதையின் நுனி மேல்நோக்கி வளைந்திருக்கிறது. தண்ணீர் அடிவாரத்தைக் குடைந்துவிடாமல் தூர எகிறிப் போய் விழுவதற்காக.

இதை எப்படிக் கட்டினார்கள் என்பதுதான் எனக்கு இன்றைய நாள். முதலில் ஆற்றைத் தள்ளி வைக்க வேண்டும். பரானா போன்ற ஆற்றுக்குப் பக்கத்தில் பாறையைக் குடைந்து 2 கிலோமீட்டர் நீளம், 150 மீட்டர் அகலம், 90 மீட்டர் ஆழத்துக்குப் புதுக் கால்வாய் வெட்டினார்கள். 1978 அக்டோபரில் ஆறு அந்தப் புது வழியில் திரும்பியது. பழைய படுகை காய்ந்தது. அதன் மேல் கான்கிரீட்.

1979 நவம்பர் 14 அன்று ஒரே நாளில் 7,207 கன மீட்டர் கான்கிரீட் போட்டார்களாம். மணிக்கு ஒரு பத்து மாடிக் கட்டடம் எழுப்பும் அளவு. கான்கிரீட் இறுகும்போது சூடு கிளம்பும். இத்தனை பருமனாகப் போட்டால் உள்ளே சூடு தங்கிவிடும், ஆறும்போது வெடிப்பு விடும். அதனால் ஐஸ் உற்பத்தி செய்யத் தனி ஆலை வைத்து, கலவையைக் குளிரவைத்தே ஊற்றியிருக்கிறார்கள். "சிமென்ட்டை விட ஐஸ் போடுறதுதான் பெரிய வேலை" என்றார் அப்பா. அவர் பார்த்த அணையிலும் அப்படித்தானாம். உச்சகட்டத்தில் இங்கே ஏறக்குறைய 40,000 பேர் வேலை செய்தார்கள். அணைத் தொழிலாளர்களுக்குப் போர்த்துகீசிய மொழியில் தனிப் பெயரே உண்டு: பஹாஜெய்ரோ. இருபதாயிரம் பேர் வாழ்ந்த ஃபோஸ் நகரம் பத்தே வருஷத்தில் ஒரு லட்சத்தைத் தொட்டது அவர்களால்தான்.

இட்டைப்பு என்பது குவரானி மொழிச் சொல். ஒலிக்கும் கல், பாடும் கல் என்று பொருள் சொல்கிறார்கள். இந்த இடத்தில் ஆற்றின் நடுவே இருந்த சின்னப் பாறைத் தீவின் பெயர் அது. தண்ணீர் மோதி எழும்பிய சத்தத்தால் வந்த பெயர். தீவு இன்று இல்லை. பெயரை அணை எடுத்துக்கொண்டது.

மூன்றாம் நாள்

இன்றைக்குத்தான் உள்ளே போனோம். முழுக்கால் சட்டை, மூடிய காலணி, தலைக்கவசம் கட்டாயம். அப்பா இதற்காகவே தன் பழைய டியூட்டி ஷூவைப் பெட்டியில் எடுத்து வந்திருக்கிறார். நேற்று ராத்திரி அதற்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் எனக்கே தெரியும்.

முதலில் அணையின் வயிறு. வெளியிலிருந்து பார்த்தால் திடமான சுவர் மாதிரி இருக்கும் முக்கிய அணை உள்ளே கூடு. தன் கனத்தாலேயே தண்ணீரைத் தாங்கி நிற்கும் அணைதான், ஆனால் ஒவ்வொரு பகுதிக்கும் நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டியிருக்கிறார்கள். அந்த வெற்றிடத்தில் நின்று மேலே பார்த்தால் இரண்டு பக்கமும் கான்கிரீட் சாய்ந்து போய் உச்சியில் ஒட்டிக்கொள்கிறது. அதைத் தேவாலயம் என்று அழைக்கிறார்கள், பொருத்தமான பெயர். ஏரி அந்தச் சுவருக்குப் பின்னால் நிற்கிறது. உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது, ஈரமில்லை. அப்பா சுவரைப் பார்க்கவில்லை, தரையோரம் ஓடும் சின்ன வாய்க்காலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். எந்த அணையும் கொஞ்சம் கசியும். கசியும் தண்ணீர் தெளிவாக இருக்கிறதா, நேற்றைய அளவுதானா என்பதுதான் விஷயம். கலங்கி வந்தால் பயம். "கண்ணாடி மாதிரி இருக்கு" என்று சொல்லி நிமிர்ந்தார்.

கட்டுப்பாட்டு அறையைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்க்கலாம். தரையில் நடுவே ஒரு கோடு. அது நாட்டின் எல்லை. ஒரு பாதி பிரேசில், மறுபாதி பராகுவே. இரண்டு நாட்டுப் பணியாளர்களும் ஒரே அறையில் ஒரே ஷிஃப்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் தண்ணீர் பாட்டிலை எடுக்க எழுந்து கோட்டைத் தாண்டிப் போய்விட்டு வந்தார்.

இருபது மெஷின்களும் அப்படியே பாதிப் பாதி. பத்து பராகுவேக்கு, பத்து பிரேசிலுக்கு. பராகுவேயில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது மின்னோட்டம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் அலைகிறது. பிரேசிலில் 60. யாரும் யாருக்காகவும் மாற்றிக்கொள்ளவில்லை. ஆகவே ஒரே கூரையின் கீழ் இரண்டு வகை ஜெனரேட்டர். அப்பா இத்தனை வருஷம் இந்த அணையைப் பார்க்கத் துடித்தது இதற்காகத்தான் என்று இன்றைக்குத்தான் புரிந்தது. என் நோட்டுப் புத்தகத்தை வாங்கிக் கணக்குப் போட்டுக் காட்டினார். 50 ஹெர்ட்ஸ் மெஷினுக்கு 66 காந்த முனைகள், நிமிஷத்துக்கு 90.9 சுற்று. 60 ஹெர்ட்ஸ் மெஷினுக்கு 78 முனைகள், 92.3 சுற்று. "பார்த்தியா, டர்பைனுக்கு ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே வேகம். மேல முனைகளை மாத்தி விஷயத்தை முடிச்சுட்டான்." அவருடைய முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்த்து வருஷக்கணக்காகிறது.

பராகுவேக்குத் தன் பங்கு முழுவதும் தேவைப்படுவதில்லை. மிஞ்சுவதை பிரேசில் வாங்கிக்கொள்கிறது. ஆனால் அது 50 ஹெர்ட்ஸ் ஆயிற்றே? அதனால் ஃபோஸில் உள்ள துணைமின் நிலையத்தில் அதை நேர் மின்னோட்டமாக மாற்றி, கூட்டல் கழித்தல் 600 கிலோவோல்ட்டில் 800 கிலோமீட்டர் அனுப்பி, சாவோ பாவ்லோ அருகே மறுபடி 60 ஹெர்ட்ஸாக்குகிறார்கள். பிரேசிலின் சொந்தப் பங்கு வேறு வழியில், மாறு மின்னோட்டமாகவே 750 கிலோவோல்ட் வகைக் கம்பிகளில் போகிறது.

அப்புறம் கீழே, டர்பைன் தண்டு சுழலும் இடத்துக்கு.

இதை எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். வட்டமான கான்கிரீட் கிணறு. நடுவில் பளபளவென்று எஃகுத் தூண். சுழல்கிறது என்பதே முதலில் தெரியவில்லை, அவ்வளவு வழவழப்பு. மேற்பரப்பில் விளக்கொளி நடுங்காமல் நிற்கிறது. நொடிக்கு ஒன்றரைச் சுற்று. மேலே ஜெனரேட்டர், கீழே 300 டன் டர்பைன் சக்கரம். சத்தம் காதில் கேட்பதைவிட நெஞ்சுக்கூட்டில் கேட்கிறது. பேச முடியாது. அப்பா கைப்பிடிக் கம்பியில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். மற்றவர்கள் படம் எடுத்து முடித்து நகர்ந்தார்கள், அவர் நகரவில்லை. வழிகாட்டிப் பெண் வந்து தோளைத் தொட்டார். அப்பா கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். மேலே வந்த பிறகு சொன்னார்: "பேரிங் அருமையா இருக்கு. அதிர்வே இல்லை."

முதல் டர்பைன் சக்கரம் 1981 டிசம்பர் 4 அன்று சாவோ பாவ்லோவிலிருந்து கிளம்பி, 1982 மார்ச் 3 அன்று இங்கே வந்து சேர்ந்தது. மூன்று மாதம் சாலையில். முதல் மின்சாரம் 1984 மே மாதம். கடைசி இரண்டு மெஷின்கள் ஓட ஆரம்பித்தது 2007 வாக்கில்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது 2009 நவம்பர் 10 பற்றிப் பேச்சு வந்தது. அன்று அணையில் எந்தக் கோளாறும் இல்லை, சாவோ பாவ்லோவுக்குப் போகும் மின்கம்பித் தடங்கள் செயலிழந்தன. இவ்வளவு மின்சாரத்தை வாங்க ஆளில்லாமல் போனதும் இட்டைப்பு முழுசாக நின்றது. பிரேசிலில் கோடிக்கணக்கானவர்கள் மணிக்கணக்கில் இருட்டில். பராகுவே முழுவதும் சில நிமிடங்கள். "கொடுக்குறவன் கையில எதுவும் இல்லம்மா. வாங்குறவன் கையை எடுத்துட்டா மெஷின் தறிகெட்டு ஓடப் பார்க்கும். உடனே கதவைச் சாத்தித் தண்ணியை நிறுத்தணும். அந்த அஞ்சாறு விநாடிதான் ஆபரேட்டரோட வாழ்க்கை." அவருக்கு அப்படி எத்தனை விநாடிகள் இருந்தன என்று நான் கேட்டதே இல்லை. இன்று கேட்டேன். ஏழு முறையாம். ஏழையும் தேதியோடு சொன்னார்.

நான்காம் நாள்

இன்று சுருக்கமாக. நட்புப் பாலத்தைக் கடந்து பராகுவேக்குப் போனோம். சியுதாத் டெல் எஸ்டே நகரின் நெரிசலில் எனக்குத் தலை சுற்றியது. எர்னாந்தாரியாஸ் பக்கத்திலிருந்து அணையை மறுபடி பார்த்தோம். இந்தக் கரையிலிருந்து உபரிநீர் வழி இன்னும் நன்றாகத் தெரிகிறது.

ஒப்பந்தம் கையெழுத்தானது 1973 ஏப்ரல் 26 அன்று. இரண்டு பக்கமும் ராணுவ ஆட்சி. யாரிடமும் கேட்க வேண்டிய அவசியம் ஆட்சியாளர்களுக்கு இருக்கவில்லை. கட்டுவதற்கு வாங்கிய கடனின் கடைசித் தவணை 2023 பிப்ரவரியில்தான் தீர்ந்தது. மின்சாரம் இரண்டு பேருக்கும் பாதி, ஆனால் தன் பாதியைத் தானே பயன்படுத்தும் தொழிற்சாலைகள் பராகுவேயில் குறைவு. மிச்சத்தை என்ன விலைக்குக் கொடுப்பது என்பது இந்த நாட்டில் இன்றும் சூடான பேச்சு. எனக்குப் பராகுவே பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் படுகிறது. சின்ன நாடு பெரிய நாட்டோடு பேரம் பேசும்போது பாதி என்ற சொல்லுக்கு இரண்டு பேரிடமும் ஒரே எடை இருப்பதில்லை.

அப்பாவுக்கு முழங்கால் வலி. சீக்கிரம் திரும்பிவிட்டோம்.

ஐந்தாம் நாள்

அணையின் ஏரிக்கு மேல்முனையில் இருக்கும் பிரேசில் ஊரான குவைராவுக்குப் போகலாம் என்று நான்தான் அடம்பிடித்தேன். ஃபோஸிலிருந்து பேருந்தில் நாலு மணி நேரத்துக்கும் மேல். வழியெல்லாம் சிவப்பு மண், சோயா வயல். இடையிடையே மரங்களுக்கு நடுவே ஏரி பளிச்சிட்டு மறைகிறது. 170 கிலோமீட்டர் நீளம், 1,350 சதுர கிலோமீட்டர். கரையோரக் காட்டில் பெரும்பகுதி பிறகு நட்டு வளர்த்தது. பிரேசில் பக்கத்தில் மட்டும் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட கன்றுகள். அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே முன்பு வாழ்ந்த ஏறத்தாழ 40,000 பேர் எழுந்து போக வேண்டியிருந்தது. இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான அவா குவரானி மக்களின் ஊர்கள் தண்ணீருக்குள் போயின. குவைரா நெருங்கும்போது சாலையோரம் கறுப்புத் தார்ப்பாய் போட்ட குடிசைகள் சில தெரிந்தன. அவா குவரானிகள் இன்னும் நிலம் கேட்டுக்கொண்டிருக்கிற பகுதி இது. பாடும் கல் என்ற பெயர் அவர்கள் மொழியில்தான் இருக்கிறது.

1982 அக்டோபர் 13 அன்று, ஆற்றைத் திருப்பிவிட்ட அந்தக் கால்வாயின் கதவுகளை மூடினார்கள். ஏரி நிறையப் பதினான்கே நாள். படகுகளில் போய் மரக்கிளைகளிலும் திட்டுகளிலும் மாட்டிக்கொண்ட விலங்குகளைப் பிடித்து வந்தார்கள், 36,450 உயிர்கள் என்று கணக்கு இருக்கிறது. அருவியைப் பிடித்து வர முடியவில்லை.

குவைராவில் செட்டே கெதாஸ் இருந்தது. ஏழு அருவிகள் என்று பொருள், உண்மையில் ஏழு தொகுதிகள். பரானா முழுவதும் ஒரு குறுகிய பாறை இடுக்குக்குள் நுழைந்து இடித்து இறங்கிய இடம். தண்ணீரின் அளவை வைத்துச் சொன்னால் உலகத்தின் பெரிய அருவிகளில் ஒன்று. இந்த இடம் யாருக்குச் சொந்தம் என்று இரண்டு நாடுகளும் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. 1966-ல் சேர்ந்து மின்சாரம் எடுப்போம் என்று முடிவானது. சண்டைக்குரிய நிலமும் பின்னால் ஏரிக்குள் போனது. மூழ்கப்போகிறது என்று தெரிந்ததும் கடைசியாக ஒரு முறை பார்க்க ஜனங்கள் திரண்டார்கள். 1982 ஜனவரியில் ஒரு தொங்குபாலம் அறுந்து 32 பேர் இறந்தார்கள்.

நாங்கள் தங்கியிருக்கும் விடுதியின் வரவேற்பறையில் அந்த அருவியின் பழைய படம் மாட்டியிருக்கிறது. நிறம் மங்கி ஆரஞ்சாகிவிட்டது. விடுதிக்காரர் எழுபதைத் தாண்டியவர், உரக்கப் பேசுகிறார். அதிகாலையில் அவர் தொலைபேசியில் பேசினால் மாடி வரை கேட்கும் என்று மகள் மன்னிப்புக் கேட்கிற தோரணையில் சொன்னார். பெரியவர் கையை ஆட்டினார். அருவிக்கரையில் வளர்ந்தவர்கள் எல்லோரும் இப்படித்தான் பேசுவார்களாம். மெதுவாகப் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காத இடம் அது. அருவி போய் இத்தனை வருஷமாகியும் தொண்டைக்குப் பழக்கம் விடவில்லை.

சாயங்காலம் கரைக்குப் போனோம். அகலமான, அமைதியான தண்ணீர். தூரத்தில் மூன்றரை கிலோமீட்டருக்கும் நீளமான பாலம், அதன் மேல் லாரிகள். எங்கே அருவி இருந்தது என்று கேட்டால் எல்லோரும் ஒரே பக்கம் கை காட்டுகிறார்கள், அங்கே பார்த்தால் ஒன்றும் இல்லை.

அப்பா நோட்டுப் புத்தகத்தைக் கேட்டார். ஏரியின் மட்டம் கடல் மட்டத்திலிருந்து 220 மீட்டர். அணைக்குக் கீழே ஆறு ஏறத்தாழ 100 மீட்டரில். நடுவில் 120 மீட்டர் இறக்கம். இங்கே அருவியும் அதன் கீழே இருந்த பள்ளத்தாக்கும் சேர்ந்து இறங்கிய உயரம் அது. "அருவி எங்கேயும் போகலம்மா. அதே தண்ணி, அதே உயரம். 170 கிலோமீட்டர் தள்ளிப் போய்க் குழாய்க்குள்ள இறங்குது. நாம முந்தாநாள் கை வெச்சுப் பார்த்தோமே, அதுதான் இது."

கணக்கு சரி. அவர் சொல்வது பொய்யில்லை. மருத்துவமனையில் ராத்திரி விளக்கு எரிகிறது, சாவோ பாவ்லோவில் ரயில் ஓடுகிறது. இதே மின்சாரத்தை நிலக்கரியில் எடுத்திருந்தால் எவ்வளவு புகை என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் முதல் நாள் இகுவாசுவில் அப்பா என் காதில் கத்த வேண்டியிருந்தது, இங்கே அடுத்த திட்டில் மீன் பிடிக்கிறவர் இருமுவது கேட்கிறது. அந்த வித்தியாசம் நோட்டுப் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் வரவில்லை. அப்பாவிடம் அப்படியே சொன்னேன்.

அவர் மறுத்துப் பேசவில்லை. கல்லில் உட்கார்ந்து டியூட்டி ஷூவின் நாடாவை அவிழ்த்தார். சாக்ஸை உருட்டி உள்ளே வைத்தார். பேண்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி நின்றார்.

"இழுப்பே இல்லையே" என்றார், கொஞ்ச நேரம் கழித்து.